வர்த்தமானியில் பிறந்த சரணாலயம்

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியின் இருமருங்கும் மார்கழி, தை மாதங்களில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் பெருங்கூட்டமாக வந்திறங்குகின்றன. வடதிசையின் கடுங்குளிருக்குத் தப்பி நெடுவழி பறந்து வரும் பறவைகளுக்கு இரை தந்து காக்கும் இந்தச் சேற்றுவெளி இன்று வங்காலைச் சரணாலயத்தைச் சேர்ந்தது. அதனைத் தோற்றுவித்தவர் யார்? எவ்வாறு தோற்றுவித்தனர்? இக்கேள்விகளை எழுப்பாது இயற்கைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பாதி உண்மையைப் பேசுவதேயாகும் என்பது நமது கருத்து.

நமது நாட்டின் காட்டுயிர்ப் பாதுகாப்பு வேட்டைக்காரரிடமிருந்து தொடங்குகிறது. 1894ஆம் ஆண்டில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தவர்கள் தோட்டத் துரைமாரும் வேட்டையில் நாட்டமுடைய பிறரும் ஆவர். தாம் சுடுவதற்கு விலங்குகள் மிஞ்ச வேண்டும் என்பது அவர்களது கவலை. 1905இல் மன்னார்க் கரையின் தெற்கே வில்பத்து சரணாலயமாயிற்று. அதே ஆண்டில், அதற்குச் சற்று வடக்கே மரிச்சுக்கட்டியில் மாபெரும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. காட்டைக் காக்க முன்வந்த அதே அரசு, மறு ஆண்டிலேயே முத்துப்பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. 1907க்குப் பின் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. காடும் கடலும் யாருக்கு என்று முடிவு செய்யும் உரிமை, அவற்றை நம்பி வாழ்ந்த மக்களிடம் இருக்கவில்லை.

1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அந்த உரிமையை அரசின் கையில் உறுதி செய்தது. 1938இல் வில்பத்து தேசியப் பூங்காவாயிற்று. சுதந்திரத்தின் பின்னும் அடிப்படைச் சட்டம் அதுவே. 1954இல் கட்டுக்கரைக்குளம் சரணாலயமாயிற்று. உழவர் உழைப்பில் உருவாகி, வயல்களுக்கு நீரூட்டும் குளம் அது. மனித உழைப்பும் பறவையின் வாழ்வும் பகையல்ல என்பதற்கு அக்குளமே சான்று.

வங்காலையின் முறை 2008 செப்டெம்பர் 8ஆம் நாள் வந்தது. 4,839 ஹெக்டேயர் நிலமும் நீரும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அப்பொழுது வன்னிப் போர் உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. மன்னார்ப் பெருநிலத்தின் பல ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. 2010 ஜூலையில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இலங்கையின் நான்காவது ஈரநிலமாக அது உலகப் பட்டியலில் இடம்பெற்றது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அகதி முகாமிலிருக்கும் மனிதன் தன் கரையின் எல்லைக்கோட்டைப் பற்றி எவ்வாறு கருத்துச் சொல்வான்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் போருக்குப் பின் முசலிக்குத் திரும்பினர். அவர்களிற் பலர் தமதென உரிமை கூறிய நிலங்கள் 2012இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டமையும் இதே வகையைச் சேர்ந்தது.

வேறு வழி உண்டா? உண்டு. இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் நகரில் 1847இல் பொதுப்பணத்தால் அமைந்த பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் புறநகர் மக்கள் தாமே வரி விதித்து, தாமே ஆணையாளரைத் தேர்ந்தெடுத்துப் பூங்கா மாவட்டங்களை நடத்துகின்றனர். எனினும் அங்கும் எல்லாம் சமத்துவமாக இருந்ததில்லை. 1919இல் சிக்காகோவின் ஏரிக்கரையில், வெள்ளையர் தமதெனக் கொண்ட பகுதிக்கு மிதந்து சென்ற கறுப்பின இளைஞன் ஒருவன் கல்லெறியில் உயிரிழந்தான். நகரமே கலவரத்தில் எரிந்தது. மக்கள் பூங்கா என்பது எல்லா மக்களின் பூங்காவாக இருத்தல் வேண்டும்.

மேலிருந்து வருவது மேலிருந்தே பறிக்கப்படும். விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. 2024இல் அதன் 168 ஹெக்டேயர் நிலம் நீர்வாழ் உயிரின வளர்ப்புத் தொழிலுக்கென ஒரு வர்த்தமானியால் விடுவிக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவர்களின் முயற்சியால் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. 2025இல் காற்றாலைத் திட்டங்களையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் வாரக்கணக்கில் போராடினர். கரையைக் காக்கும் மனம் யாரிடம் உண்டு என்பதை இவை காட்டுகின்றன.

எனவே சரணாலயம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது வேண்டும், அதன் எல்லையை வரையும் மேசையில் வலை இழுப்பவனும் வயல் உழுபவனும் திரும்பி வந்த அகதியும் அமர வேண்டும். இக்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அந்த எல்லைப்படங்களை வகுப்பறைச் சுவரில் மாட்டட்டும். மாணவர்கள் தத்தம் ஊர் எக்கோட்டுக்குள் கிடக்கிறதென்று தேடிக் காணட்டும். அந்தத் தேடலிலிருந்துதான் மக்களின் சரணாலயம் தொடங்கும்.