ஐம்பதாயிரம் சொற்களும் ஒரு மண்வெட்டியும்

1999ஆம் ஆண்டு ஜூலை மாதம், சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 21 பேர் கூடி, ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதிவிடுவதென்று முடிவு செய்தார்கள். கூட்டியவர் கிறிஸ் பேட்டி. இலக்கிய தாகம் எதுவும் காரணமல்ல என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இருபதுகளில் இருப்பவர்கள் எதற்காக ராக் இசைக்குழு தொடங்குகிறார்களோ, அதே அசட்டுக் காரணம்தான் என்பது அவர் சொன்னதன் சாரம்.

நாவலின் அளவு 50,000 சொற்கள் என்று வகுக்கப்பட்டது. தம் அலமாரியில் இருந்தவற்றுள் மிக மெல்லிய நாவலை (ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’) எடுத்துக் குத்துமதிப்பாக எண்ணிப் பார்த்துப் பேட்டி கண்டடைந்த எண் இது. அந்த நாவல் உண்மையில் 60,000 சொற்களைத் தாண்டியது என்பது வேறு விஷயம். பிழையான ஒரு மதிப்பீடு, பின்னர் லட்சக்கணக்கானோருக்கு நாவல் இலக்கணமாயிற்று. நாளொன்றுக்கு 1,667 சொற்கள். தமிழில் இக்கணக்கு இன்னும் கடினம். ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களில் சொல்வதை ‘வந்திருக்கக்கூடும்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் மொழி நம்முடையது.

முதலாண்டில் எல்லையைத் தொட்டவர்கள் ஆறு பேர். மறு ஆண்டு, வெளியில் தலைகாட்ட முடியாத பருவம் என்பதற்காகவே நவம்பருக்கு மாற்றினார்கள். 140 பேர் வந்தனர். 2001இல் ஏறத்தாழ 5,000 பேர். ‘தேசிய நாவல் எழுதும் மாதம்’ என்ற ஆங்கிலப் பெயர் சுருங்கி ‘நானோரைமோ’ ஆனது.

இந்த வேகத்தில் எழுதுகிறவருக்குத் தம் கரு நல்லதா என்று யோசிக்க அவகாசமில்லை. ஆகவே அபத்தமான கருக்களே செல்வாக்குப் பெற்றன. ஒருவருக்கொருவர் சவால்கள் விட்டுக்கொண்டனர். ‘ஊர்சுற்றும் மரண மண்வெட்டி’ அவற்றுள் புகழ்பெற்றது: கதை எந்த நூற்றாண்டில் நடந்தாலும் ஒரு பாத்திரம் மண்வெட்டியால் அடிபட்டுச் சாக வேண்டும்! ‘மிஸ்டர் இயன் வூன்’ என்றொரு ஆசாமியும் பலரது நாவல்களில் எட்டிப் பார்ப்பார். நானோரைமோ என்பதன் ஒன்பது ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் கிடைக்கும் பெயர் அது.

நிற்க. இத்தகைய கூத்து 1999இல் தொடங்கியதல்ல. 1927இல் பாரிஸில் ஜார்ஜ் சிமெனோன் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து பொதுமக்கள் கண்முன்னே நாவல் எழுதுவதாக ஏற்பாடாயிற்று. அது நடக்கவேயில்லை, ஆயினும் நேரில் பார்த்ததாகச் சொல்வோர் பல்லாண்டுகள் இருந்தனர். 1977இல் கனடாவின் வான்கூவரில் மூன்று நாள் நாவல் போட்டி தொடங்கியது. 1982இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே பல்கலைக்கழகத்தில், எழுதப்படாத ஒரு நாவலின் ஆக மோசமான முதல் வாக்கியத்துக்குப் பரிசளிக்கத் தொடங்கினர். விக்டோரியா கால நாவலாசிரியர் புல்வர் லிட்டனின் பெயரால் அமைந்த அப்போட்டிக்கு முதலாண்டில் வந்தவை மூன்றே பதிவுகள். அடுத்த ஆண்டு 10,000.

ஆனால் எமக்கு முக்கியமாகப் படுபவர் ஜார்ஜ் பெரெக். 1969இல் அவர் ‘ஈ’ என்னும் ரோமன் எழுத்தை ஓரிடத்திலும் பயன்படுத்தாமல் ஒரு முழு நாவலைப் பிரெஞ்சில் எழுதினார். அம்மொழியில் மிகுதியாக வரும் எழுத்து அதுதான். அமெரிக்கரான எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் தட்டச்சு எந்திரத்தில் அதே எழுத்தின் விசையைக் கட்டிப்போட்டு 1939இல் இதை ஆங்கிலத்தில் செய்திருந்தார். ரைட்டின் நூல் ஒரு சாகசம், அவ்வளவே. பெரெக்கின் தந்தை 1940இல் போரில் மடிந்தவர்; தாய் 1943இல் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பாதவர். அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் தந்தை, தாய் என்ற சொற்களை எழுத இயலாது. அவர் தம் பெயரையும் எழுத இயலாது. நாவலின் தலைப்பே ‘மறைவு’ என்று பொருள்படும். விளையாட்டு விதி ஒன்று, நேராகச் சொல்ல வராத இழப்பைச் சொல்லும் வழியாகிறது.

தமிழ்ப் புலவருக்கு இவ்விதி அந்நியமல்ல. உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாட வேண்டிய நிரோட்டகத்தில் யமகமும் சேர்த்து, பதினேழாம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்திலுக்கு ஓர் அந்தாதி செய்தார். தோற்றவர் வென்றவருக்கு அடிமையாக வேண்டுமென்ற பந்தயத்தில் பாடியது அது என்பது வழிவழியாக வரும் செய்தி. ஐம்பதாயிரம் சொல் எழுதத் தவறியவர் எவருக்கும் அப்படியொரு தண்டனை இல்லை!

2010 நவம்பரில் விமர்சகர் லாரா மில்லர், அந்த நாவலை எழுதாமலிருப்பதே மேல் என்று கட்டுரை எழுதினார். உலகில் குறைந்திருப்போர் எழுதுவோர் அல்லர், வாசிப்போரே என்பது அவர் வாதம். சிற்றிதழ் நடத்திய எவரும் இதை மறுக்கத் துணியார். எனினும் எமக்கு முழு உடன்பாடு இல்லை. முப்பது நாள் ஒரு பாத்திரத்தோடு மல்லாடியவர், அடுத்து ஒரு நாவலைக் கையிலெடுக்கும்போது அதன் ஆசிரியர் எங்கே திணறினார், எங்கே தப்பித்தார் என்பதைக் கண்டுகொள்வார். அது வாசகப் பயிற்சிதான். சாரா க்ரூயனின் ‘வாட்டர் ஃபார் எலிஃபண்ட்ஸ்’ (2006) போன்று அச்சேறிப் புகழ்பெற்றவை சில உண்டு. மற்றவை பெட்டியில் தூங்கின. தூங்கியதில் யாருக்கும் நட்டமில்லை.

2013இல் இதைக் கேலி செய்வதுபோல், கணினி நிரல் எழுதி 50,000 சொல் நாவலை உருவாக்கும் மாதம் ஒன்றும் பிறந்தது. ‘மியாவ்’ என்ற சொல்லையே ஐம்பதாயிரம் முறை அச்சிட்ட படைப்பும் அதில் உண்டு. அப்போது எல்லோரும் சிரித்தார்கள். 2024 செப்டம்பரில், செயற்கை நுண்ணறிவை ஒட்டுமொத்தமாக எதிர்ப்பதில் வர்க்க பேதமும் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாடும் கலந்திருக்கின்றன என்று நானோரைமோ அமைப்பே அறிக்கை விட்டபோது எவரும் சிரிக்கவில்லை. துணைநின்ற எழுத்தாளர்கள் சிலர் விலகினர். அதற்கு முன்பே, 2023இல், இளையோர் பாதுகாப்புக் குறித்த புகார்களால் அமைப்பின் பெயர் கெட்டிருந்தது. 2025 மார்ச் 31 அன்று, நிதி நெருக்கடியைப் பிரதானமாகச் சொல்லி, அமைப்பை மூடுவதாக அறிவித்தார்கள்.

பேட்டி 2012இலேயே அங்கிருந்து விலகிவிட்டார். முதல் ஜூலையில் அவரிடம் இருந்தவை 21 பேரும் தவறாக எண்ணிய ஒரு நாவலும் மட்டுமே. அதற்கு மேல் எதுவும் அன்று தேவைப்படவுமில்லை.