ஓட்டோவை வெட்டியது யார்? 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்தின் ஒரு பாடபேதம்

மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழு கிறிஸ்து காலப் பின்னணியில் எடுத்த 'லைஃப் ஆஃப் பிரையன்' (1979) படம் பற்றி எழுதுவோர் பலரும் ராபர்ட் ஹெவிசன் 1981இல் போட்ட தடத்திலேயே நடக்கிறார்கள். 'மான்டி பைத்தான்: தி கேஸ் அகெய்ன்ஸ்ட்' என்ற அவரது நூல் பி.பி.சி., அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி, கிறிஸ்தவ அமைப்புகள் என்று அந்தக் குழு எதிர்கொண்ட மோதல்களின் வரலாறு. அதைப் படித்து முடிக்கும்போது, நகைச்சுவைக்கான எல்லைக்கோட்டை எப்போதும் வெளியார்தான் கிழிக்கிறார்கள் என்ற எண்ணமே மனத்தில் தங்குகிறது.

அதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. 1977 ஜூலையில், ஒழுக்கப் பிரசாரகர் மேரி வைட்ஹவுஸ் தொடுத்த வழக்கில், 'கே நியூஸ்' இதழும் அதன் ஆசிரியர் டெனிஸ் லெமனும் தெய்வநிந்தனைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்த சட்டம் அது. மறு ஆண்டு, படப்பிடிப்பை நெருங்கிய வேளையில் இ.எம்.ஐ. நிறுவனம் கைவிரித்தது, ஜார்ஜ் ஹாரிசன் பணம் போட்டதால்தான் படம் பிழைத்தது. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் ஒரு வெட்டும் இல்லாமல் 'ஏஏ' சான்று தந்தும், 39 உள்ளாட்சி மன்றங்கள் படத்தைத் தடை செய்தன அல்லது வயது வந்தோருக்கு மட்டுமான 'எக்ஸ்' சான்றுக்கு உயர்த்தின. இவற்றில் சிலவற்றின் எல்லைக்குள் திரையரங்கே கிடையாது. ஆனால் இவையெல்லாம் படத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் சொல்கின்றன. படம் இன்றுள்ள வடிவத்தை ஏன் எடுத்தது என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

விடை தேட வேண்டிய இடம் அச்சான திரைக்கதை. ஓட்டோ வரும் காட்சி அதில் இருக்கிறது, படத்தில் இல்லை. எரிக் ஐடில் நடித்த ஓட்டோ ஒரு யூதத் தற்கொலைப்படையின் தலைவன். ஹிட்லர் மீசை, ஜெர்மானிய உச்சரிப்பு. தாவீதின் நட்சத்திரமும் ஸ்வஸ்திகாவும் கலந்ததுதான் அவன் படையின் சின்னம். இந்தக் காட்சி போன பிறகும் படத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. சிலுவைக் காட்சியில் முன்பின் அறிமுகமில்லாத ஒரு படை ஓடிவருகிறது, ரோமானிய வீரர்கள் சிதறி ஓடுகிறார்கள், வந்தவர்கள் தங்களையே குத்திக்கொண்டு விழுகிறார்கள். கடைசிப் பாட்டு முழுக்க அந்த உடல்கள் சட்டகத்துக்குள் கிடப்பதால் இந்தத் துண்டை மட்டும் நீக்க வழியில்லை.

காட்சியின் வேகம் கருதி வெட்டியதாக இயக்குநர் டெரி ஜோன்ஸ் சொன்னார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. யாரையும் புண்படுத்தாத பிலாத்துவின் மனைவி காட்சிகளும் அதே கட்டத்தில்தான் போயின. ஆனாலும் ஓட்டோ விஷயத்தில் வேகம் பாதிக் காரணம்தான் என்பேன். அந்தப் பாத்திரம் ஐடிலுக்கே உறுத்தியது. குழுவின் இன்னொரு உறுப்பினரான டெரி கில்லியமோ, கிறிஸ்தவர்களைச் சீண்டியாயிற்று, யூதர்களையும் விடவேண்டாம் என்று வாதாடியவர். வேகம் மட்டுமே பிரச்சினை என்றால் இந்த வாதத்துக்கு இடமே இருந்திருக்காது.

இங்கே ஹெவிசனின் சட்டகம் உடைகிறது. 2008இல் நீக்கப்பட்ட இங்கிலாந்தின் தெய்வநிந்தனைச் சட்டம் கிறிஸ்தவத்துக்கு மட்டுமே காவலாக இருந்தது. குழுவினர் அந்தக் காவல் இருந்த இடத்தில் துணிந்து புகுந்தார்கள். யூதர்களுக்கு அந்தச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. அங்கேதான் கை தயங்கியது. இன அழிப்பு நடந்து முப்பத்தைந்து ஆண்டுகூட ஆகாத காலம். பெரும்பான்மையின் பக்தியைக் கிண்டல் செய்வதும் பிழைத்து மீண்டவர்கள்மேல் கொலையாளியின் சின்னத்தைப் பொருத்துவதும் ஒன்றல்ல என்று வெட்டுமேசையில் யாரோ உணர்ந்திருக்கிறார்கள். எழுத்துச் சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன். வேறு எந்த விளக்கமும் கில்லியமின் வாதத்துக்குப் பொருள் தருவதில்லை.

வெட்டிய நாளைத் திட்டமாகக் குறிக்க முடியாது. திரைக்கதை அச்சுக்குப் போன பிறகு, 1979 ஆகஸ்ட் அமெரிக்க வெளியீட்டுக்கு முன்பு என்ற இடைவெளியோடு நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த நவம்பரில் எழுத்தாளர் மால்கம் மக்ரிஜும் ஆயர் மெர்வின் ஸ்டாக்வுட்டும் பி.பி.சி.யில் படத்தைச் சாடிய விவாதம் காரணமாக இருக்க வழியில்லை. வரப்போகும் எதிர்ப்பை நினைத்து முன்கூட்டியே அஞ்சினார்கள் என்று ஹெவிசன் தரப்பில் வாதிடலாம். ஆனால் பிரிட்டனில் வெளியீட்டுக்கு முன்பே தணிக்கை வாரியத்தை நெருக்கிய 'ஃபெஸ்டிவல் ஆஃப் லைட்' இயக்கத்தின் கவலையெல்லாம் கிறிஸ்துவைப் பற்றியது. ஓட்டோவைப் பலிகொடுத்து அவர்களிடம் ஒரு சலுகையும் வாங்கியிருக்க முடியாது.