அளப்பவர் யார், அளக்கப்படுபவர் யார்? புஷ்பமாலாவின் புகைப்படப் பரிசோதனை

ஒரு படத்தில் 1970-களின் ஜெயலலிதா போலச் சாட்டையோடு நிற்கிறார். இன்னொன்றில் ரவி வர்மாவின் லட்சுமி. அடுத்ததில், கட்டம் போட்ட திரைக்கு முன் நிற்கும் தோடர் பெண். மூன்றிலும் ஒரே ஆள்தான்: பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா என்.

இவர் பரோடாவில் படித்தது சிற்பக்கலை. புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய வரிசையின் பெயர் 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா'.

சரி, மாறுவேஷப் போட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தக் கட்டங்களைக் கவனியுங்கள். 1869-ல் ஜான் லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர், மரச்சட்டத்தில் பட்டு நூல் கட்டி 2 அங்குலக் கட்டங்கள் அமைத்தார். அதன் முன் ஆட்களை நிறுத்திப் படமெடுத்தால் உடல் அளவுகளை ஒப்பிடலாம் என்பது திட்டம். 1890-களில் பிரிட்டிஷ் அதிகாரி போர்ட்மேன், அந்தமான் பழங்குடிகளைக் கட்டத்திரை முன் நிறுத்தினார். எப்படி நிற்கணும், எந்தப் பக்கம் திரும்பணும் என்பதெல்லாம் எடுப்பவர் முடிவு. (தினமும் அட்டவணைகளோடு மல்லுக்கட்டுற எனக்கு, அந்தக் கட்டங்களைப் பார்த்தா கூச்சமாத்தான் இருக்கு.)

புஷ்பமாலா இதைத் திருப்பிப் போட்டார். அளக்கப்படுபவரும் அவரே, காட்சியை அமைப்பவரும் அவரே. சாமி படம், சினிமா ஸ்டில், 'அறிவியல்' ஆவணம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆவணமும் செட் போட்டு எடுத்ததுதான் என்று புரிந்துவிடும்.

ஆனால், நகரத்துக் கலைஞர் ஒருவர் தோடர் வேஷம் போடலாமா? அந்தக் கேள்வி இந்தப் படங்களில் தீரவில்லை. அவர் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். போர்ட்மேன் படங்களில் நிற்பவர்களுக்கு அது வேஷமே இல்லை.