குளிர்நாட்டு இல்லங்களும் வெந்நீர்க் குழாய்களும்

வெப்பநாட்டில் வாழ்பவர் வீட்டினுள் நிழலை நாடுவர். குளிர்நாட்டில் வாழ்பவரோ அங்கு அனலை நாடுவர். பனிக்காலத்தில் இல்லத்தை எவ்வாறு வெப்பமாக வைத்திருப்பது என்பது ஐரோப்பிய மக்கள் ஈராயிரம் ஆண்டுகளாக விடை தேடிய வினா. வெப்பத்தை உண்டாக்குதல் ஒரு கலை. அதனைத் தரும் சாதனத்தைப் பேணுதல் மற்றொரு கலை. பின்னது தளர்ந்தபோது முன்னதும் பயனிழந்தது என்பதை வரலாறு காட்டுகின்றது.

பண்டைய உரோமர் அறையின் தளத்தைச் சிறு செங்கற்றூண்களின்மேல் உயர்த்தி அமைத்தனர். புறத்தே மூட்டிய உலையின் அனற்காற்று, அத்தூண்களினூடே பரவி, சுவரிற் பதித்த உள்ளீடற்ற ஓடுகளின் வழியே மேலேறிற்று. கி.மு. முதலாம் நூற்றாண்டினரான விற்றுரூவியசு என்னும் கட்டடக் கலைஞர் இம்முறையைத் தம் நூலில் விளக்கியுள்ளார். ஆயினும் அவ்வுலைக்கு இடையறாது விறகிடவும் சாம்பலை அகற்றவும் ஆள்வேண்டும். அவ்வேலை பெரும்பாலும் அடிமைகளின்மேற் சுமத்தப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமராட்சி பிரித்தானியாவை விட்டு நீங்கியது. உலையைப் பேணுவாரும் பழுதுபார்ப்பாரும் இன்மையால் அக்கலை அங்கே மறைந்தது. மக்கள் மீண்டும் அடுப்பங்கரைக்கே திரும்பினர்.

பதினெட்டாம் நூற்றாண்டிற் புதுவழி பிறந்தது. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும். ஆறிய நீர் பாரமாகிக் கீழிறங்கும். இவ்வியல்பைக் கொண்டு பிரான்சிலே பொன்மேன் என்பவர் 1777ஆம் ஆண்டளவில் வெந்நீரைக் குழாய்களிற் சுற்றச்செய்து, கோழிக்குஞ்சு பொரிக்கும் இடங்களைச் சூடாக்கினார். 1850களில், உருசியாவின் சென் பீற்றர்சுபேக்கு நகரில், பிரசியாவிற் பிறந்த பிரான்சு சான் கல்லி என்பவர் வெந்நீர் நிரம்பி அறைக்கு வெப்பம் பரப்பும் இரும்புக் கலத்தை ஆக்கினார். அதுவே இன்றைய றேடியேற்றரின் முன்னோடி.

இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் நிலக்கரி அடுப்பே பெரும்பாலான வீடுகளுக்குத் துணையாயிருந்தது. 1952ஆம் ஆண்டு திசெம்பரில் இலண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கவர்ந்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பின்னர், 1962–63இன் கடுங்குளிர் 1740இற்குப் பின் அந்நாடு கண்டிராத கொடுமையாக அமைந்தது. எண்ணற்ற வீடுகளில் நீர்க்குழாய்கள் உறைந்தன. நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்களவு பருமனிற் பெருகும். அப்பெருக்கத்தை இரும்பும் தாங்காது. 1967 முதற் பத்தாண்டுகளில் நாடெங்கும் இயற்கை வாயு பரவியதோடு, கொதிகலனும் வெந்நீர்க் குழாயும் எளியோர் இல்லங்களையும் அடைந்தன.

சாதனம் எளிதாயினும் பேணற் கடமை நீங்கவில்லை. பனிக்காலத்துக்கு முன்னரே கொதிகலனை இயக்கிப் பார்த்தல் வேண்டும். றேடியேற்றரின் மேற்பாகம் குளிர்ந்து கீழ்ப்பாகம் சூடாயின் உள்ளே காற்று தங்கியுள்ளது என அறியலாம். சாதனத்தை நிறுத்தி, ஆறவிட்டு, சிறு திறப்பினால் வாயிலைத் தளர்த்தி, நீர் கசியும் வரை அக்காற்றை வெளியேற்றுவர். பின் குறைந்த நீரழுத்தத்தைச் சரிசெய்வர். கீழ்ப்பாகம் குளிர்ந்திருப்பின் இரும்புத் துருவாலான கருஞ்சேறு படிந்திருத்தல் கூடும். அதனைக் கழுவியகற்றி, துருத்தடுப்பு மருந்தை நீரிற் கலப்பர். யாவற்றினும் முதன்மையானது, ஆண்டுக்கொருமுறை தகுதிபெற்ற தொழில்வல்லுநர் கொதிகலனையும் புகைபோக்கியையும் சோதித்தல். வாயு முற்றாக எரியாதவிடத்துத் தோன்றும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை விழிக்கவிடாமலே கொல்ல வல்லது.

உரோமர் காலத்தில் உலையின் காவல் அடிமையின் பாரமாயிருந்தது. இன்று அக்காவல் வீட்டுக்குரியவரின் பொறுப்பு. பனி வந்தபின் விழிப்பவரைவிட, அதன் வருகைக்கு முன்னே விழிப்பவரின் இல்லமே இனிது வாழும்.