எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃபியூரி

எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃபியூரி, அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ் எழுதிய மிகுபுனைவுக் காதல் புதினம். 2015-இல் வந்த எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ் புதினத்தின் தொடர்ச்சியாக 2016 மே மாதம் புளூம்ஸ்பரி பதிப்பகம் இதை வெளியிட்டது. கதை ஃபேரிகளின் நாட்டில் நடக்கிறது. ஃபேரியைத் தமிழில் தேவதை என்பது வழக்கம்; ஆனால் ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் ஃபேரி வரம் தருவதோடு நிற்காது, ஆளையும் கவர்ந்து செல்லும்.

முதல் நூலின் காதலன் டாம்லினின் பெயர், டாம் லின் என்னும் பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடலை நினைவூட்டுவது. ஃபேரி அரசியிடம் சிக்கிய ஆணை ஒரு பெண் மீட்பதே அப்பாடலின் கதை. முதல் நூலில் ஃபெய்ராவும் அவ்வாறே டாம்லினை மீட்கிறாள். தொடர்ச்சியில் கதை தலைகீழாகிறது. மீட்கப்பட்டவனே, பாதுகாப்பு என்ற பெயரில் அவளை மாளிகைக்குள் அடைத்து வைக்கிறான். மணநாளில் அவள் பின்வாங்குகிறாள். முன்பு பகைவனாகத் தோன்றிய ரைசாண்டின் இரவு நாட்டில் நலம் பெறுகிறாள். ஒப்பந்தப்படி மாதம் ஒரு வாரம் அவள் அங்கே தங்குவது, கிரேக்கத் தொன்மத்தின் பெர்செபோனியை ஒத்தது.

இளையோர் நூலாக வெளிவந்த இது, அப்பிரிவிலேயே 2016-ஆம் ஆண்டின் குட்ரீட்ஸ் வாசகர் விருதையும் பெற்றது. வெளிப்படையான பாலுறவுக் காட்சிகள் உள்ள நூலுக்கு அந்த வகைப்பாடு பொருந்தவில்லை. 2020-இல் புதிய அட்டையுடன் பெரியோர் நூலாக மறுபதிப்பு வந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. 2024 ஆகஸ்டில் யூட்டா மாநிலம் அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்கச் சொன்ன 13 நூல்களில் இதுவும் ஒன்று. அவற்றுள் 6 மாஸ் எழுதியவை.