கடைவீட்டுப் பட்டறையை வெளியேற்றியது எது?

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் மோட்டார் பட்டறைகள் அருகிப்போனதற்குக் கம்ப்யூட்டர்மேல் பழி போடுவது வழக்கம். கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது, காதால் கேட்டே பழுது பிடித்த போமென்களின், அதாவது மெக்கானிக்குகளின், காலம் முடிந்தது என்பார்கள். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. 1985 ஜூலையில் வந்த புரோட்டோன் சாகாவில் இருந்தது மிட்சுபிஷியின் கார்பரேட்டர் எஞ்சின். அதே ஆண்டில் பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்த பிரதமர் மகாதீர் அதைக் கடந்ததும் ஒரு சாகாவில்தான். 1994இல் வந்த கான்சில் காரும் கார்பரேட்டர் வண்டியே. தொண்ணூறுகள் முழுக்கப் பழைய கைத்திறனுக்கு வேலை இருந்தது.

அந்தத் திறன் வெறும் காது சம்பந்தப்பட்டதும் அல்ல. பழைய டட்சன் பிக்கப் ஒன்று 'மிஸ்' அடித்தால், எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்திருக்கிறது; பிளக், ஒயர், வால்வு என்று பார்க்கலாம். நிற்கையில் சீராக ஓடி, சுமையோடு மேடேறும்போது எல்லாச் சிலிண்டரும் தடுமாறினால் சந்தேகம் பெட்ரோல் வரத்தின்மேல் திரும்பும்: அடைத்த ஃபில்டர், கிழிந்த பம்ப் டயாஃப்ரம். குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு எஞ்சினைச் சுற்றினால் வரத்து தெரிந்துவிடும். கார்பரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 6 பவுண்டு அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 40 வேண்டும் என்பதால் பாட்டில் போய் அழுத்தமானி வந்தது. 1996 முதல் அமெரிக்கா கட்டாயமாக்கிய கண்டறியும் முறையில், கிராங்க் தண்டின் வேகம் தடுமாறுவதை வைத்துக் கம்ப்யூட்டரே எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடுகிறது. ஏன் என்பதை அது சொல்வதில்லை; அதற்கு இன்றும் அதே வரிசையில்தான் தேட வேண்டும்.

பின் எது வெளியேற்றியது? 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1997இல் அது ரத்தானது. இடைக்காலப் பாதுகாப்பும் 1999 முடிவோடு தீர்ந்தது. பட்டறைகளோடு, கார்பரேட்டரே தெரியாத தச்சர்களும் தகரவேலைக்காரர்களும் மூட்டை கட்டினார்கள் என்பதே என் வாதத்துக்கு வலுவான சான்று. மரத்தளம் போட்ட மாடிக்குக் கீழே பெட்ரோலோடு புழங்குவது ஆபத்து, வெளியே போனதே நல்லது என்று சொல்லலாம், மறுக்கமாட்டேன். ஆனால் அந்த ஆபத்து அரை நூற்றாண்டாக அங்கேதான் இருந்தது. 2000இல் புதிதாக வந்தது வாடகைச் சீட்டு மட்டும்.