நஞ்சின் வேகமும் நாவின் பாடமும்: பச்சைமலை ஆடுகளை முன்வைத்து

துறையூரிலிருந்து ஏறும் பச்சைமலையில் மரவள்ளிக் கொல்லையும் ஆட்டு மேய்ச்சலும் அருகருகே இருக்கின்றன. கிழங்கு சேலத்துப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. தழை ஆட்டின் வாய்க்கு எட்டும் உயரத்தில் நிற்கிறது. அத்தழையில் லினமரின் என்னும் சேர்மம் உண்டு. இலை மென்று நசுக்கப்பட்டதும் செடியிலுள்ள நொதியே அதைச் சிதைக்கத் தொடங்கும். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்று நுண்ணுயிரிகள் அதற்குத் துணைசெய்யும். வெளிவருவது ஹைட்ரஜன் சயனைடு. பசியோடு புகுந்து வயிறு முட்ட மேய்ந்த ஆடு சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறிச் சாய்ந்துவிடலாம்.

எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பது ஆட்டுக்குப் பிறவியிலேயே தெரியும் என்ற நம்பிக்கை பரவலானது. அது பாதி உண்மைதான். கசப்பைக் கண்டதும் விலகுவதே அந்த அறிவு என்றால், வேப்பங்குழையை ஒடித்துப் போட்டதும் ஆடுகள் முண்டியடிப்பதற்கு விளக்கமில்லை. சுவை ஓர் அடையாளம் மட்டுமே. அதற்குப் பொருள் தருவது, தின்றபின் உடலுக்குள் நடப்பது.

இதைச் சோதனையில் நிறுவியவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா. சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் குடிக்கும்போது காமாக் கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகள், பிறகு அந்த இனிப்பையே ஒதுக்கியதை 1955இல் அவர் குழு காட்டியது. 1966இல் கோலிங்குடன் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது: உடல்நலம் குன்றிய எலிகள் சுவையைக் குற்றவாளியாக்கின, மின்னதிர்ச்சி பெற்றவை ஒளியையும் ஒலியையும் குற்றவாளியாக்கின. தின்பதற்கும் குமட்டலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் கடந்தாலும் இப்பாடம் பதிகிறது.

மேய்ச்சலைக் கூர்ந்து பார்த்தால் இதன் பயன் புரியும். அறிமுகமில்லாத புதரில் ஆடு இரண்டு இலையைக் கடிக்கும், உதட்டால் துழாவும், கழுத்தை இழுத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகரும். சயனைடு சிறிதளவானால் கல்லீரல் அதைத் தயோசயனேட்டாக மாற்றிவிடும். கொல்லாமல் நோகவைக்கும் அளவே கற்பிக்கிறது. மிகையான அளவு கற்பிக்க அவகாசமே தராமல் கொன்றுவிடுகிறது. எனவே ஆட்டின் அறிவு தோற்பதற்கு அதன் அறியாமையைவிடப் பசியும் நஞ்சின் வேகமுமே பெரிய காரணங்கள் என்பது என் வாதம்.

எலி ஒழிப்பு முறைகள் இதற்கு மறுபக்கச் சான்று. துத்தநாக பாஸ்பைடு விரைந்து வேலை செய்வது. குறைவாகத் தின்று பிழைத்த எலி அந்த இரையை மீண்டும் தொடாது. ஆகவேதான் முதலில் சில நாள் நஞ்சில்லாத இரையை வைத்துப் பழக்கச் சொல்கிறார்கள். புரோமடியோலோனோ இரத்தம் உறைவதைத் தடுத்துப் பல நாள் கழித்தே கொல்கிறது. இரைக்கும் நோவுக்கும் முடிச்சுப் போட எலிக்கு வழியில்லை. நெல் வயலில் மனிதர் முறியடிக்க முயலும் அதே திறன்தான் மலையில் ஆட்டைக் காக்க வேண்டியிருக்கிறது.

இத்திறன் தனியாடு ஒன்றின் சொத்தும் அல்ல. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரெட் புரோவென்சாவும் பர்ரிட்டும் செம்மறிகளிடம் கண்டவை இரண்டு: குட்டி தாயைப் பார்த்துத் தீவனம் தேரக் கற்கிறது, ஒரு தீவனத்தை வெறுத்த ஆடு, அதையே மற்றவை தின்பதைக் கண்டால் மீண்டும் வாய் வைக்கிறது. பின்னது எனக்குக் கவலை தருகிறது. மரவள்ளியை அறியாத ஆடுகளைச் சந்தையில் வாங்கி மலை மந்தையில் சேர்த்தால், புதியவை சாவதோடு நிற்காமல் பழையவற்றின் விலக்கமும் தளரக்கூடும். ஆடு வழங்கும் திட்டங்கள் இனத்தையும் எடையையும் பார்ப்பதோடு அது எந்தத் தழையில் வளர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும். தாயோடு குட்டியைச் சேர்த்தே வழங்குவதும், புதிய ஆட்டைக் கொல்லைப் பக்கம் ஓட்டுமுன் வேறு தழையால் வயிற்றை நிரப்புவதும், மரவள்ளித் தழையை நறுக்கி வெயிலில் நன்றாக உலர்த்தியே தீவனமாக்குவதும் இன்றைக்கே செய்யக்கூடியவை.